பக்கம் ஏன் அப்பளமாகிறது?

கைவினைக் காகிதத்தில் ஸ்க்ராப்புக் (போட்டோ, டிக்கெட், பூ எல்லாம் ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பம்) செய்பவர்களின் கேள்விகள் இந்த மாதம் பெரும்பாலும் மலையிலிருந்தே வந்திருக்கின்றன. நீலகிரி, பழனி மலை வாசகர்களுக்கான பதில்கள் இங்கே.

குன்னூர் வாசகி: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) ஹேண்ட்மேட் பேப்பரில் ஃபெவிகால் தடவி போட்டோ ஒட்டுகிறேன். மறுநாள் காலையில் பக்கம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. இன்னும் கனமான தாள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாங்கினாலும் நெளியும், கொஞ்சம் மெதுவாக நெளியும், அவ்வளவுதான். வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பருத்திக் கூழில் செய்த தாள் அதைக் குடித்து உப்புகிறது. போட்டோவின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது குடிப்பதில்லை. காயும்போது தாள் சுருங்கப் பார்க்கும், ஒட்டிக்கொண்டிருக்கும் போட்டோ விடாது. அந்த இழுபறிதான் நெளிவு. மில் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருப்பதால் எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கைவினைக் காகிதத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் அங்கங்கே கொப்புளமாக எழும்பும்.

எங்கள் சிபாரிசு, போட்டோவைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். மூலை செய்து மாட்டுங்கள். 100 முதல் 120 ஜிஎஸ்எம் தாளில் 4 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் துண்டு வெட்டுங்கள். நீளமான ஓரம் ஒன்று உங்களைப் பார்த்து இருக்கட்டும். மேலே இருக்கும் இரண்டு முனைகளையும் அந்தக் கீழ் ஓரத்தின் நடுவுக்கு மடித்துக் கொண்டுவந்தால் முக்கோணம் கிடைக்கும். மடிப்பு அடியில் போகும்படி திருப்பி, போட்டோவின் மூலையை அதற்குள் செருகுங்கள். நான்கு மூலையிலும் மாட்டிய பிறகு, மடிப்புகளின் முதுகில் மட்டும் ஒரு கடுகளவு பசை வைத்துப் பக்கத்தில் பதியுங்கள். பசை போட்டோவைத் தொடாது, தாளும் தன் இஷ்டத்துக்கு உப்பிச் சுருங்கலாம். பின்னாளில் போட்டோவைக் கழற்றவும் முடியும்.

தாளோடு தாளை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தட்டைப் பிரஷ்ஷால் மெல்லியதாக இழுத்து, ஒரு நிமிடம் விட்டு, பளபளப்பு அடங்கிப் பிசுபிசுப்பு வந்ததும் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் நான்கைந்து கிலோ பாரம். கோயம்புத்தூரில் ஒரு ராத்திரி போதும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் இரண்டு நாள் வையுங்கள், நடுவில் ஒருமுறை ஒற்றுத்தாளை மாற்றுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் அத்தனையும் வீண்.

இன்னொன்று: மேட்டுப்பாளையத்தில் வாங்கிய தாளை மலையேறிய அன்றே வெட்டாதீர்கள். ஒரு நாள் அறையில் விரித்துப் போடுங்கள். ஈரக்காற்றில் அது நீளும். வெட்டிய பிறகு நீண்டால் சட்டமும் பக்கமும் பொருந்தாது. ஏற்கெனவே நெளிந்த பக்கங்களை, போட்டோவை எடுத்துவிட்டு, முதுகுப்புறம் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் இரண்டு நாள் பாரம் வைத்தால் பெருமளவு சரியாகும். போட்டோ இருக்கும்போது இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சு உருகிவிடும்.

கொடைக்கானல் வாசகர்: 22×30 அங்குலத் தாள் ஒன்றில் 12×12 பக்கம் இரண்டுதான் கிடைக்கிறது. மிச்சமெல்லாம் வீணாகிறதே?

12×12 என்பது வெளிநாட்டு ஆல்பக் கணக்கு. நமக்கு அது கட்டாயமில்லை. 10×10 என்று வைத்துக்கொண்டால் அதே தாளில் ஆறு பக்கம் வரும். மிச்சம் 2 அங்குல அகலத்தில் 30 அங்குல நீளத் துண்டு ஒன்று. அதில்தான் மூலைகள், சிறு சட்டங்கள் எல்லாம்.

வெட்டும்போது கத்தரிக்கோல் வேண்டாம், நார் பிய்ந்து மீசை முளைக்கும். புது பிளேடு போட்ட கட்டர், ஸ்டீல் ஸ்கேல், அழுத்தாமல் மூன்று இழுப்பு. இயற்கையான பிசிறு ஓரம்தான் அழகு என்று நினைத்தால், மெல்லிய பிரஷ்ஷால் தண்ணீர்க் கோடு இழுத்து, அரை நிமிடம் ஊறவிட்டு, கோட்டில் மடித்து இரு கைகளாலும் பக்கவாட்டில் மெதுவாகப் பிரியுங்கள். நார்கள் நீண்டு, பஞ்சு போன்ற ஓரம் கிடைக்கும். உலர்ந்த தாளைக் கிழித்தால் அது வராது.

கோத்தகிரி வாசகி: வீட்டுத் தோட்டத்து ஹைட்ராஞ்சியா, பெரணி, யூகலிப்டஸ் இலை எல்லாம் புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்தேன். பூ பழுப்பாகிறது, சிலவற்றில் பூஞ்சணம். என்ன தவறு?

புத்தகம்தான் தவறு. வழுவழுப்பான தாள் ஈரத்தை உறிஞ்சாது. பூவில் இருக்கும் நீர் சீக்கிரம் வெளியேற வேண்டும், தாமதமானால் நிறம் சிதைந்து பழுப்பாகிவிடும். கோத்தகிரி மூடுபனியில் தாமதம் என்பது உறுதி.

ஹைட்ராஞ்சியாவைக் கொத்தாக வைக்காமல் ஒவ்வொரு சிறு பூவாகக் கிள்ளி, அடிக்காம்பை ஒட்ட வெட்டுங்கள். பனி உலர்ந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் பறியுங்கள். கீழே பத்துத் தாள் செய்தித்தாள், அதன்மேல் வெள்ளை டிஷ்யூ, பூக்கள், மறுபடி டிஷ்யூ, செய்தித்தாள், மேலே பாரம். முதல் நான்கு நாள் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள். டிஷ்யூவைத் தொடாதீர்கள், பூ அதிலேயே இருக்கட்டும். மாசி, பங்குனியில் பத்து நாளில் காயும். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஆகும். காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது.

மஞ்சள் பூக்கள் நிறத்தை நன்றாகத் தாங்கும். சிவப்பு ரோஜா கறுத்துப்போகும், அதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். (உங்கள் ஹைட்ராஞ்சியா நீலமாக இருப்பது மலை மண்ணின் புளிப்பால்தான். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குப் போகிறது.) காலா லில்லி மாதிரி சதைப்பற்றான பூக்களை விட்டுவிடுங்கள், அழுகத்தான் செய்யும்.

யூகலிப்டஸ் இலையில் பிரச்சினை நீரல்ல, எண்ணெய். பச்சையாக அழுத்திப் பக்கத்தில் ஒட்டினால் சில வாரத்தில் இலையைச் சுற்றி வடைச் சட்டிக் காகிதம் போல ஒரு கறை படரும். ஒரு மாதம் நிழலில் காயவிட்டு, பிறகு ஒற்றுத்தாளில் வைத்துப் பார்த்துக் கறை வராவிட்டால் மட்டும் ஒட்டுங்கள். அப்போதும் அடியில் தனித் துண்டுத்தாள் வைத்து ஒட்டுவது நல்லது.

பெரணி என்றீர்கள், வெள்ளிப் பெரணியா? இலையின் அடியில் வெள்ளைப் பொடி இருக்குமே, பிள்ளைகள் புறங்கையில் தட்டிப் பச்சை குத்திக்கொள்வார்களே, அது. அதை ஒட்டவே தேவையில்லை. கறுப்பு அல்லது அரக்குத் தாளில், வழுவழுப்பான பக்கத்தின்மேல், அன்றைக்குப் பறித்த இலையைப் பொடிப் பக்கம் கீழாக வையுங்கள். மேலே செய்தித்தாள் போட்டு உள்ளங்கையால் ஒரே தட்டு. தேய்க்காமல் செங்குத்தாகத் தூக்குங்கள். நரம்பு நரம்பாக வெள்ளி அச்சு நிற்கும். சொரசொரப்பான பக்கத்தில் அடித்தால் மேடுகளில் மட்டும் பதிந்து புள்ளிபுள்ளியாகத் தெரியும். அச்சைக் காக்க ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் பொடியைக் கரைத்து வெண்மையை மங்க வைக்கும். 2 மி.மீ. அட்டையில் ஜன்னல் வெட்டி, மேலே ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, அச்சைத் தொடாமல் மூடிவிடுங்கள்.

பண்ணைக்காடு வாசகர்: குறிஞ்சிப் பூவை அழுத்தி வைக்கலாமா?

காட்டில் பறிக்காதீர்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டுச் சாகிற செடி அது. 2018க்குப் பிறகு அடுத்த பூப்பு 2030இல். போட்டோ எடுத்து ஒட்டுங்கள்.

கூடலூர் வாசகி: ஜெல் பேனாவில் எழுதினால் எழுத்து இறகு முளைத்தது போல் படர்கிறது. ரப்பர் ஸ்டாம்ப்பும் பாதிதான் பதிகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் எழுத்து: தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்தாக நின்றால் தாளில் பசைப்பூச்சு இருக்கிறது, பேனாவை மாற்றினால் போதும். உடனே உள்ளே போய்விட்டால் பூச்சு இல்லை, நீங்களே போட வேண்டும். 100 மி.லி. குளிர்ந்த நீரில் 2 கிராம் ஜெலட்டினைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரையுங்கள். கொதிக்க விட்டால் அதன் பிடிப்பு போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலப் பிரஷ்ஷால் ஒரு பூச்சு, சமதளத்தில் காயவிட்டு மறுபுறமும் ஒரு பூச்சு. ஜெலட்டின் வேண்டாம் என்பவர்கள் 3 கிராம் கார்ன்ஃப்ளவரை அதே அளவு நீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சிப் பூசலாம். ஆனால் மாவுப்பூச்சு ராமபாணப் பூச்சிக்கு விருந்து, அதையும் சொல்லிவிடுகிறோம்.

ஸ்டாம்ப் பாதி பதிவதற்குக் காரணம் தாளின் மேடுபள்ளம். தாளுக்கு அடியில் மவுஸ்பேட் ஒன்றை வைத்து அடியுங்கள், தாள் ஸ்டாம்ப்பை நோக்கி வளைந்து கொடுக்கும். எம்பாசிங் பவுடர் (சூட்டில் உருகி அச்சை மேடாக்கும் தூள்) தூவுவதாக இருந்தால் முதலில் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் தாளை அரை நிமிடம் சூடாக்கி ஈரத்தை விரட்டுங்கள். இல்லையென்றால் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டும், உருக்கும்போது குமிழும் விடும்.

உதகை வாசகர்: பஸ் டிக்கெட், ஹோட்டல் பில் எல்லாம் ஒட்டினேன். ஒரே வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டன. லேமினேட் செய்தால் நிற்குமா?

செய்யவே செய்யாதீர்கள், மொத்தமும் கறுத்துவிடும். மெஷினில் வரும் டிக்கெட்டில் மையே கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை ஒட்டுங்கள்.

மலை ரயில் பயணத்துக்கு டிக்கெட்டைவிட நல்ல அலங்காரம் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை 46 கி.மீ. 2 கி.மீ.க்கு 1 செ.மீ. என்று எடுத்தால் 23 செ.மீ., 10 அங்குலப் பக்கத்தில் அடங்கும். பென்சிலில் வளைவாக வரைந்து, தெர்மோகோல்மேல் தாளை வைத்து 5 மி.மீ.க்கு ஒரு துளையாக ஊசியால் குத்தி, கறுப்பு நூலில் பின்தையல் போடுங்கள். குன்னூர் ஏறக்குறைய 14 செ.மீ.யில் வரும், அங்கே ஒரு சிவப்பு முடிச்சு. கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை என்பதால் அந்தப் பகுதியில் மட்டும் இரட்டை வரிசை. துளைகளை 3 மி.மீ.க்குக் குறைவாக நெருக்கினால் அஞ்சல்தலை ஓரம் மாதிரி பக்கம் அங்கேயே கிழியும்.

உதகை வாசகி: தோடர் பூவேலைத் துணித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் ஒட்ட ஆசை.

ஒட்டாதீர்கள், தையுங்கள். பசை நூலுக்குள் ஏறினால் துணி விறைத்துக் கறை படியும். முதலில் ஈரப் பஞ்சால் சிவப்பு நூலை ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஓரத்தை அரை செ.மீ. மடித்து, நான்கு மூலையிலும் இரண்டிரண்டு தையல் போதும். சால்வையை வெட்டித் துண்டு எடுக்கிறவர்களும் உண்டு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது, வெட்ட வேண்டாமே. சிறு அளவில் விற்கும் பர்ஸ், புக்மார்க் வாங்கிப் பயன்படுத்துங்கள்.

குன்னூர் வாசகர்: டீத்தூள் டிகாஷனில் தாளை நனைத்துப் பழைய தோற்றம் கொண்டுவருகிறேன். சில தாள்களில் கரும்புள்ளி விழுகிறது.

இரும்பு. துருப்பிடித்த தட்டோ, கிளிப்போ, தண்ணீரோ காரணம். டீயிலுள்ள டேனின் இரும்போடு சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும். பிளாஸ்டிக் தட்டில், 200 மி.லி. வெந்நீருக்கு இரண்டு டீஸ்பூன் டஸ்ட் டீ, ஐந்து நிமிடம், துணியில் வடிகட்டி, ஆறவிட்டுப் பூசுங்கள். ஆனால் டீச்சாயம் புளிப்பு உள்ளது. போட்டோவைத் தொடும் இடத்தில் வேண்டாம், பெயர்ச்சீட்டு, உறை போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்குப் பின்னால் பழுப்பு வேண்டுமென்றால் பிரவுன் அக்ரிலிக் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு.

கொடைக்கானல் வாசகி: ஆல்பம் விசிறி மாதிரி வாயைப் பிளந்து நிற்கிறது. பக்கங்களில் வெள்ளைப் புள்ளிகளும் வந்திருக்கின்றன.

வாய் பிளப்பதற்குக் காரணம், நடுவில் அலங்காரம் தடித்திருக்க முதுகில் வெறும் தாள் இருப்பது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் முதுகோரமாக 2.5 செ.மீ. அகலத் தாள் பட்டை ஒன்று வைத்து ஸ்க்ரூ போட்டுக் கட்டுங்கள். பூ, துணி வைத்த பக்கத்துக்கு இரண்டு பட்டை.

வெள்ளைப் புள்ளி பூஞ்சணம். வீட்டுக்குள் தட்டினால் மற்ற ஆல்பங்களுக்கும் பரவும். வெளியே நிழலில், முகக்கவசம் போட்டு, உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். ஈரத்துணி கூடாது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஆல்பத்தோடு ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் 50 கிராம். நிறம் மாறும் ரகமாக வாங்கினால் ஆரஞ்சு பச்சையானதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி பயன்படுத்தலாம். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் சிமென்ட் தரையும் வேண்டாம். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக் உறைகளை இளக்கி போட்டோவோடு ஒட்ட வைத்துவிடும்.