நாள் முழுக்க வீட்டு வேலையிலேயே போகிறது. அப்படிப்பட்ட நாளில் உங்களுக்குச் சந்தோஷம் தரும் சின்ன விஷயங்கள் என்ன?

நேற்று சனிக்கிழமை. விடிய ஐந்து மணிக்கு எழும்பினேன், படுக்கும்போது இரவு பத்தரை. இடையில் வீட்டுப் படலையைத் தாண்டியது மீன் வாங்க மட்டும்தான். அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் நேற்றைய நாளையே பதிலாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் திருகோணமலை. டவுனுக்குள், டச்சு பே கடற்கரைக்குக் கிட்ட வீடு. வீட்டில் இவர், மாமி, நான். மகள் கண்டிக்குக் கிட்ட, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மூன்று நேரச் சமையலோடு சேர்த்து நான் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன். பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று மூட்டி, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கிற போர்வை. இந்த இரண்டு வேலையும் ஒரே நாளில் மாறி மாறி வருவதுதான் எனக்குப் பிடித்தது. சமையல் மட்டும் என்றால் நின்று நின்று கால் கடுக்கிறது. தையல் மட்டும் என்றால் பின்கழுத்து இறுகுகிறது. சிவப்பரிசி வேக அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியில் ஒரு வரிசை மூட்டிவிட்டு எழும்பிப் போய்ச் சோறு வடிக்கும்போது உடம்புக்கும் சுகம், மனதுக்கும் சுகம்.

திருகோணமலை வெயிலில் போர்வையா என்று கேட்பீர்கள். இது கச்சான் காற்றுக் காலம் வேறு. மேற்கிலிருந்து காற்று அனலாக அடிக்கிறது, கொடியில் போட்ட சீலை அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. ஆனால் மகள் இருக்கிற பக்கம் இரவில் குளிர். இங்கேயும் மார்கழி, தையில் வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொண்டால் மாமிக்கு ஒரு போர்வை வேண்டும். அதற்காக நான் தடிப்பாகத் தைப்பதில்லை. நடுவில் பஞ்சு வைக்காமல் நைந்த பருத்திச் சீலை ஒன்றை வைக்கிறேன். பாரம் இல்லை, கழுவினால் சீக்கிரம் காயும், பழைய மெஷினுக்கும் அந்தத் தடிப்புதான் தாங்கும்.

மெஷின் மாமியுடையது. சிங்கர் கால் மெஷின். சிங்கர் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது, பல பழைய வீடுகளில் இன்னும் ஒன்று மூலையில் நிற்கிறது. எங்களுடையதற்கு இவர் மோட்டார் பூட்டித் தந்திருந்தார். 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றோமே, ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததே, அப்போது மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி தோல் பெல்ட்டைப் பூட்டினோம். முற்றத்தில் விறகடுப்பு, விறாந்தையில் கால் மெஷின். புதுத் துணி வாங்குகிற நிலையில் அப்போது நாங்கள் இல்லை. அலுமாரியைத் திறந்து பழையதை எல்லாம் வெட்டத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கஷ்டமான காலம். ஆனாலும் விறகு எரிகிற வாசத்தோடு யன்னல் வெளிச்சத்தில் இருந்து தைத்த அந்தப் பின்னேரங்களை நான் மறக்க மாட்டேன். மின்சாரம் ஒழுங்காக வந்த பிறகும் மோட்டாரைத் திரும்பப் பூட்டவில்லை. காலால் மிதிக்கும்போது ஒரு தையல், இரண்டு தையல் என்று நிறுத்தி நிறுத்திப் போகலாம், துணி கைக்குள் நிற்கும்.

சரி, நேற்றைய நாளுக்கு வருகிறேன்.

விடிய முதல் வேலை தேத்தண்ணி, பிறகு இடியப்பம், சொதி, சம்பல். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை, கை தானாகச் செய்கிற வேலை. ஏழரைக்கு மீன்காரத் தம்பியின் ஹோர்ன் கேட்டது. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி. "அக்கா, விளை மீன் இருக்கு, பாரை இருக்கு, பாரை இப்பதான் கரைக்கு வந்தது" என்றார். செவுளைத் தூக்கிக் காட்டினார், இரத்தச் சிவப்பு. கச்சான் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கும், மீனும் நன்றாக வரும். ஒரு கிலோ பாரை வாங்கினேன். நல்ல மீன் கைக்கு வந்துவிட்டால் அன்றைய மத்தியானத்தைப் பற்றிய கவலையே போய்விடும்.

மீன் கழுவியதும் துணியைத் தொடக்கூடாது. இதில் நான் மிகக் கவனம். புளி கரைத்துவிட்டு மிஞ்சுகிற சக்கையை விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, பிறகு ஒரு தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். கையை மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் தேசிக்காய் வாசம் மட்டும் வரவேண்டும். அடுப்படியிலிருந்து தையல் மெஷினுக்குப் போகிற அந்த ஒரு நிமிடமும் எனக்குப் பிடிக்கும்.

இப்போது தைக்கிற போர்வை மகளுக்கு. வெட்டிய சதுரம் ஒவ்வொன்றும் 5 அங்குலம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போக, கண்ணுக்குத் தெரிவது நாலரை அங்குலம். ஒரு வரிசைக்கு 12 துண்டு, மொத்தம் 16 வரிசை, ஆக 192 துண்டு. விரித்தால் 54 அங்குல அகலம், 72 அங்குல நீளம். இந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு தையலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ளே போனால் போதும், ஒரு வரிசை முடியும்போது ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்திருக்கும், அடுத்த வரிசையோடு மூட்டவே முடியாது. நான் மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி வைத்திருக்கிறேன். துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போனால் சரி.

துணிகள் எல்லாம் வீட்டுத் துணிகள். இவருடைய சாரம் இரண்டு, என் பருத்தி நைட்டிகள், மகள் சின்னதில் போட்ட பூப்போட்ட சட்டை, மாமியின் நீலக்கரைச் சீலை. இடைக்கிடை வெள்ளை வேண்டும், இல்லாவிட்டால் நிறங்கள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். அதற்கு மகளின் பழைய பள்ளி யூனிபோர்ம். பருத்தியைத் தவிர வேறு எதையும் நான் சேர்ப்பதில்லை. பொலியெஸ்டர் அயன் சூட்டில் சுருங்கி, பக்கத்துத் துண்டையும் இழுத்துவிடும். முதல் போர்வையில் ஒரு சிவப்புத் துணியைச் சோதிக்காமல் வைத்துவிட்டேன். முதல் கழுவலிலேயே சாயம் போய், சுற்றியிருந்த வெள்ளை எல்லாம் ரோஸ் நிறமானது. அன்று அழுதேன். இப்போது ஒவ்வொரு துணியையும் வெட்ட முதல் கழுவி, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணிக்கு மேல் வைத்து அயன் பண்ணிப் பார்க்கிறேன். வெள்ளையில் நிறம் பிடித்தால் அந்தத் துணி வேண்டாம்.

காலையில் ஒன்பது வரிசை முடிந்திருந்தது. பத்தரைக்கு அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பத்தாம் வரிசையில் உட்கார்ந்தேன். மூட்டுகிற ஒவ்வொரு வரிசையிலும் தையல் மடிப்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்து அயன் பண்ணவேண்டும். இந்த வரிசைக்கு இடப்பக்கம் என்றால் அடுத்ததற்கு வலப்பக்கம். பிறகு இரண்டு வரிசையையும் முகத்துக்கு முகம் வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றில் ஒன்று போய்ப் பூட்டிக்கொள்ளும். கண்ணால் பார்க்கத் தேவையில்லை, விரலால் தடவினாலே இடம் பிடித்தது தெரியும். விரித்துப் பார்த்தால் நான்கு துண்டுகளின் நான்கு மூலையும் ஒரு புள்ளியில் வந்து நிற்கும். நேற்று பதினொரு இடத்திலும் அப்படி நின்றது. இதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை, நெஞ்சுக்குள் குளிர்ந்த மாதிரி இருந்தது.

சோறு வடித்துவிட்டு மீன் குழம்பு. தேங்காய் துருவித் தருவது எப்போதும் இவர். முதற்பால் தனியாக, இரண்டாம் பால் தனியாகப் பிழிந்துகொண்டேன். மண்சட்டியில் வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் பொன்னிறமானதும் பழப்புளிக் கரைசலும் இரண்டாம் பாலும் ஊற்றி, வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள் போட்டுக் கொதிக்க விட்டேன். தூளின் பச்சை மணம் போன பிறகுதான் மீன். மீன் போட்டால் அகப்பை போடுவதில்லை, சட்டியை இரு கையாலும் பிடித்து மெல்லச் சுற்றி ஆட்டுவதோடு சரி. அந்தப் பிடிதுணியும் போர்வையில் மிஞ்சிய துண்டுகளில் தைத்ததுதான், பருத்தி ஆறு மடிப்பு. கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி வர முன்னம் இறக்கினேன். பாரைக்கு அது போதும். கூட வெந்தால் சதை நார் நாராகப் போய்விடும்.

இறக்கின உடனே மீன் குழம்பைப் பரிமாறுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. ஒரு முக்கால் மணி நேரம் மூடிக் கிடந்தால்தான் புளியும் உறைப்பும் மீனுக்குள் இறங்கும். அந்த முக்கால் மணி பதினோராம் வரிசைக்கு. இடையில் எழும்பிப் போய் முருங்கையிலை வறையைக் கிளறினேன், அது ஐந்து நிமிட வேலை. யன்னலால் கச்சான் காற்று உள்ளே வந்து வெட்டி வைத்த துண்டுகளை எல்லாம் கிளப்பியது. அம்மிக்குழவியை எடுத்து வந்து மேலே வைத்தேன். குழம்பு வாசம் ஒரு பக்கம், சூடான அயன் பெட்டியிலிருந்து எழும்புகிற பருத்தி வாசம் ஒரு பக்கம். பத்திரகாளி அம்மன் கோயில் மத்தியானப் பூசை மணி கேட்டபோது வரிசை முடிந்தது, சாப்பாடும் தயார்.

மாமிக்கு 81 வயது. முதல் வாய் வைத்துவிட்டு "இண்டைக்குப் புளி அளவா இருக்கு, பிள்ளை" என்றார். அவர் அப்படி எல்லா நாளும் சொல்வதில்லை.

எல்லா வீட்டு வேலையும் இன்பம் என்று நான் சொல்ல வரவில்லை. கரி பிடித்த சட்டி தேய்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நேற்று மத்தியானம் அதை இவர் செய்தார், நான் அரை மணி நேரம் கண்ணை மூடினேன். ஒரு வீட்டில் வேலை ஒருவர் தலையிலேயே விழுந்தால் போர்வையும் வராது, சிரிப்பும் வராது. கேள்வி கேட்டவருக்கு உதவிக்கு ஆள் இருந்தால் கட்டாயம் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னேரம் மாமியும் நானும் விறாந்தையில் பாய் விரித்து இருந்தோம். மாமிக்கு ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரிவதில்லை. ஆனால் விரல் நடுங்குவதில்லை. கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பெண்கள் பழந்துணியில் கவண்டி என்ற போர்வை தைப்பார்கள் என்று அவருக்குச் சொன்னேன். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்களாம். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ மாதிரி ஒன்று வைப்பார்கள், அது இல்லாமல் போர்வை முழுமையாகாது அவர்களுக்கு. "அப்ப எங்கட பிள்ளையின்ர போர்வைக்கும் பூ வேணும்" என்றார் மாமி. நீலக்கரைச் சீலையின் கரைத் துண்டை எடுத்து அவரே மடிக்கத் தொடங்கினார். அளவுகோல் கேட்கவில்லை. மடித்து, விரல் நகத்தால் அழுத்தி, விரித்து, மறுபடி மடித்து, ஒரு மணி நேரத்தில் நான்கு பூ. நான் பன்னிரண்டாம் வரிசையை முடித்தேன். கனக்கப் பேசவில்லை. தெருவில் இரண்டு புள்ளிமான்கள் வந்து நின்றன. எங்கள் டவுனில் அது வழக்கம், கோட்டைப் பக்கமிருந்து சாதாரணமாக வீதிக்கு வந்து போகும். பூசணித் தோலை வெளியே வைத்தேன், பொலித்தீன் இல்லாமல். மான் மென்று முடிக்கும் வரை மாமி கையிலிருந்த துணியை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவுக்குப் புட்டு. வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிநீர் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, கிளாசால் கொத்தி, தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் அவித்தேன். ஆவி ஓலைப்பெட்டியின் கூம்பில் எழும்பும்போது வருகிற வாசம் வேறு எந்தப் பாத்திரத்தில் அவித்தாலும் வராது. மத்தியானக் குழம்பு இரவுக்குள் தடித்து, மீன் இன்னும் நன்றாக ஊறியிருந்தது. இவர் மூன்றாம் தரமும் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்ட பிறகு பன்னிரண்டு வரிசையையும் தரையில் விரித்துப் பார்த்தோம். மகள் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாள், கண்டியில் பஸ் ஏறி மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி. அதற்குள் இன்னும் நான்கு வரிசை மூட்டவேண்டும், அடித்துணி கொடுத்துக் கையால் ஓட்டத் தையல் போடவேண்டும், மாமியின் பூக்களை மூலையில் வைக்கவேண்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. அரிசியை இப்போதுதான் அடுப்பில் ஏற்றினேன், பதின்மூன்றாம் வரிசைத் துண்டுகள் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கி இருக்கின்றன. எழுதியது போதும், போகிறேன்.