சீனி வருத்தத்துக்குக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மல்லாவிப் பக்கம். இரண்டு ஏக்கர் வயல், இரண்டு பால்மாடு. இவருக்கு 52 வயது, எனக்கு 46. இவருக்குச் சீனி வருத்தம் வந்து எட்டு வருசம், மல்லாவி ஆஸ்பத்திரியில்தான் கிளினிக். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் விட்டுவிட்டுப் போட்டவர், அதுக்குப் பிறகு ஒழுங்கில்லை. இந்த முறை காலபோக விதைப்பு நேரம் உள்ளங்காலில் ஏதோ குத்தி, மூன்று கிழமையாகப் புண் ஆறவில்லை. நோவில்லை என்கிறார், அதனால் ஒருவருக்கும் காட்டவும் இல்லை. டொக்டர் போன கிளினிக்கில் இன்சுலின் போடச் சொன்னவர், இவர் மாட்டன் எண்டு நிற்கிறார். மூன்று மாதத்தில் சீனியை முற்றாக மாற்றுமாம் எண்டு ஒருவர் ஊருக்குள் தூள் கொண்டுவந்து விற்கிறார், முழுக் கோர்சும் 85,000 ரூபா. குழுக்கடன் ஒரு லட்சம் தரலாம் எண்டு சொல்லினம், கிழமைக்கு 2,250 படி 52 கிழமை கட்ட வேணும். இல்லாட்டி மகளுக்கெண்டு வைத்திருக்கிற மூன்று பவுண் சங்கிலியை அடகு வைக்கலாம். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரும் வந்து போறார், வருத்தத்தைப் படிவத்தில் எழுதத் தேவையில்லையாம். கனடாவில் இருக்கிற மச்சாள் என்ன வேணும் எண்டு கேட்கிறா. பால் காசு 15 நாளுக்கு ஒருக்கா 9,000 அளவில் வரும். பஸ், வெளியில் எடுக்கிற மருந்து, பரிசோதனை எண்டு மாதம் 6,000 வரை இவருக்குப் போகுது. எதைச் செய்ய?

பதில்: தங்கச்சி, கடனையும் சங்கிலியையும் பிறகு பார்ப்போம். முதலில் அந்தக் கால். நாளைக்குக் காலமை, கிளினிக் நாளோ இல்லையோ, அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நோவில்லாதது நல்ல அறிகுறி இல்லை. சீனி கனகாலம் கூடி நின்றால் காலின் நரம்பு மரத்துப்போகும். முள் ஏறினாலும் தெரியாது, புண் உள்ளுக்குள் ஆழமாகப் போனாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது, கிருமி எலும்பு வரை போகும். விரலை, பிறகு பாதத்தை எடுக்க வேண்டி வருகிறவர்களில் கனபேருக்குத் தொடக்கம் இப்படியொரு நோகாத புண்தான். புண்ணைச் சுற்றிக் கறுத்தாலோ, மணம் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் அடித்தாலோ காலமை வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், அதற்குக் காசில்லை. மருந்து கட்டுவது, நுண்ணுயிர்க்கொல்லி, தேவைப்பட்டால் மாஞ்சோலைக்கோ கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்வது எல்லாம் அரச ஆஸ்பத்திரியில் இலவசம். ஆகவே இதற்காக ஒரு சதமும் கடன்படத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் நிற்கிற நாட்களில் உங்களுக்குச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு வேணும், அவ்வளவுதான்.

இனிக் கணக்கு. சீனி வருத்தம் மாதா மாதம் செலவு வைக்கிற வருத்தம், சாகும் வரை வைக்கும். அந்தச் செலவை மாதா மாதம் வருகிற காசில்தான் கட்ட வேண்டும். ஒருமுறை மட்டும் வருகிற செலவு என்றால் அறுவடைக் காசையோ நகையையோ தொடலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள் எல்லாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

குழுக்கடனைப் பாருங்கள். 2,250 படி 52 கிழமை கட்டினால் 117,000. பதினேழாயிரம்தானே வட்டி, நூற்றுக்கு 17 என்று சொல்லுவார்கள். ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், ஒரு லட்சம் முழுதும் ஒரு வருசம் உங்கள் கையில் நிற்பதில்லை. அதைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 31 வீதத்துக்கு மேல். வட்டியைவிடப் பெரிய பிரச்சினை தவணை. கிழமைக்கு 2,250 என்றால் மாதத்துக்கு 9,750. உங்கள் பால் காசு மாதம் 18,000, அதில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் 8,250 இல் அவரின் 6,000 போனால் வீட்டுக்கு 2,250. மாடு ஒன்று வற்றினால் எது முதலில் நிற்கும்? கடன் நிற்காது, குழுவில் மற்றப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கிளினிக்தான் நிற்கும். வன்னியில் கடன் வாங்கி வைத்தியம் தொடங்கிய கனவீடுகளில், கடைசியில் கடன் கட்டுவதற்காகவே வைத்தியம் நின்றுபோனது. வேண்டாம்.

85,000 ரூபாத் தூள்: அது உங்களின் இன்றைய செலவுப்படி 14 மாதக் கிளினிக் காசு. எட்டு வருசச் சீனியை மூன்று மாதத்தில் முற்றாக மாற்றுகிற தூள் எந்த நாட்டிலும் இல்லை. இருந்தால் மல்லாவியில் மோட்டார் சைக்கிளில் வைத்து விற்க மாட்டார்கள். என்ன போட்டு அரைத்தது என்று தெரியாத தூள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சிலவற்றுக்குள் ஆங்கில மருந்தையே கலந்து விடுகிறார்கள், அதனால்தான் முதல் கிழமையில் சீனி விழுந்தது போல இருக்கும். சித்த வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை என்றால் அரச சித்த வைத்தியசாலைக்குப் போகட்டும், அங்கும் இலவசம். இரண்டு வைத்தியருக்கும் மற்றவர் என்ன தருகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். குளிசையை நிறுத்தினால்தான் தூள் வேலை செய்யும் என்று எவராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடே அனுப்பிவிடுங்கள்.

சங்கிலியைத் தொட வேண்டாம். ஆனால் காலுக்காக யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று கிழமை நிற்க வேண்டி வந்து, கைக்காசு போதாமல் போனால், வீட்டில் சின்ன நகை ஏதாவது, ஒரு மோதிரமோ காப்போ இருந்தால், அதை வங்கியில் அடகு வையுங்கள். அது ஒருமுறைச் செலவு, அறுவடை நெல் விற்றவுடன் மீட்டுவிடலாம். வங்கி அடகில் வட்டி நாள் கணக்கில் ஏறும், கிழமைத் தவணை இல்லை, உங்களுக்காக வேறு ஒருத்தி பிணை நிற்கவும் தேவையில்லை. வைக்க முன் வருட வட்டி எத்தனை வீதம், இடையில் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று இரண்டையும் கேளுங்கள். தனியார் அடகுக் கடையில் மாதத்துக்கு இத்தனை என்று சொல்லுவார்கள், அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காணிப் பத்திரத்தை மட்டும் ஒருவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மாதம் போகிற 6,000. அதைப் பால் காசிலேயே கட்டுங்கள். 15 நாளுக்கு ஒருக்கா காசு வந்த அன்றே 3,000 ஐ வேறாக எடுத்து ஒரு ரின்னுக்குள் வையுங்கள், கடைக்கொப்பி கட்டுவதற்கு முன். ஆனால் இந்த 6,000 எதுக்குப் போகிறது என்று ஒருக்கா எழுதிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களின் கணக்கில் நான் காண்பது, தேவையில்லாத இடத்தில் கூடவும் தேவையான இடத்தில் ஒன்றுமில்லாமலும் போகிறது.

வெளியில் காசு கொடுத்து எடுக்கிற மருந்து கிளினிக்கில் இல்லாததா, அல்லது கிளினிக் நாளைத் தவறவிட்டதால் வாங்கியதா? மெற்போமின், கிளிக்கிளசைட், இன்சுலின் எல்லாம் அரச கிளினிக்கில் காசில்லாமல் கொடுக்கிறவை. விதைப்பு, அறுவடை நேரம் கிளினிக் நாளோடு மோதினால் முந்தின மாதமே மிஸ்ஸியிடம் சொல்லித் திகதியை மாற்றிக் கேளுங்கள், இல்லாவிட்டால் கொப்பியோடு நீங்கள் போய் மருந்தை எடுக்கலாமா என்று கேளுங்கள். கிளினிக்கில் இல்லை என்று துண்டு எழுதித் தந்தால், மருந்துக்கடையில் அதே மருந்தின் மலிவான கம்பனியைக் கேட்டு வாங்குங்கள்.

நீரிழிவுக்காரருக்கென்று விற்கிற பிஸ்கற்றும் பால்மாவும் வீண்காசு. குரக்கன் நல்லதுதான், ஆனால் நீத்துப்பெட்டி நிறையச் சாப்பிட்டால் குரக்கன் புட்டும் சீனியை ஏற்றும். பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பதும் சீனி போட்டுக் குடிப்பதும் இரத்தத்துக்கு ஒன்றுதான். வயலில் ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சோற்றைக் குறைத்து, வளவில் வளர்கிற முருங்கையிலையையும் வல்லாரையையும் பயறையும் கூட்டுவதற்குப் புதிதாகச் செலவில்லை.

காசு போக வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது செருப்பு. முன்பக்கம் மூடிய, அடி மெத்தென்ற, விரலை நெரிக்காத ஒன்று. கடைக்குப் பின்னேரம் போங்கள், அந்த நேரம்தான் கால் வீங்கியிருக்கும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. புண் ஆறும் வரை அவர் வயலுக்கு இறங்கவே கூடாது. அவருக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் பிடிக்கிற காசை நட்டமாக நினைக்க வேண்டாம், ஒரு கால் போனால் மிச்சக் காலம் முழுதும் கூலிக்கு ஆள்தான். இரவில் நீங்கள் ஒரு ரோச் லைற்றைப் பிடித்து இரண்டு பாதத்தையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். அவருக்கு அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, வருசத்துக்கு ஒருமுறை செய்கிற கண் பரிசோதனை, அதோடு சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியட்டினின், கொலஸ்ட்ரோல், ஒவ்வொரு கிளினிக்கிலும் பிறசர். விழித்திரை பழுதாகும்போதும் சிறுநீரகம் பழுதாகும்போதும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. தெரிய வருகிற நேரம் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரத்தச் சுத்திகரிப்புக்கு மாங்குளம் வந்து ஏ9 இல் பஸ் பிடிக்கிற செலவு தொடங்கியிருக்கும். சுத்திகரிப்பு அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக இருக்கலாம், உங்கள் இருவரின் அந்த நாட்கள் இலவசமில்லை. இங்கே இன்னுமொன்று: இடுப்பு நோவுக்கு மருந்துக்கடையில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிற பழக்கம் வயல் செய்கிற ஆட்களிடம் உண்டு. சீனிக்காரரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது.

இன்சுலினுக்கு அவர் ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஊசிப் பயமா, இன்சுலின் தொடங்கினால் கடைசிக் கட்டம் என்ற ஊர்க்கதையா? புண் ஆறுவதற்குச் சீனி இறங்க வேண்டும், அதற்காகவும் டொக்டர் கேட்டிருக்கலாம். கதைக்கும்போது காசைப் பற்றிய பயமும் இருந்தால் அதை நீக்கிவிடுங்கள்: மருந்து இலவசம், குளிரூட்டி வாங்கத் தேவையில்லை. திறக்காத போத்தல்களைக் குளிரூட்டி இருக்கிற பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம், உறைகிற பெட்டிக்குள் அல்ல, கீழ்த்தட்டில். பாவிக்கிற போத்தலை இப்படி வையுங்கள்: பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல், அதற்குள் சின்ன முட்டி, முட்டிக்குள் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய போத்தல், மேலே ஈரத்துணி, வெயில் படாத மூலை. மணலைக் காலை மாலை நனைக்க வேண்டும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, 28 நாளுக்குப் பிறகு எறிந்துவிடுங்கள். ஊசி போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட மடியில் சீனியோ ரொபியோ இருக்க வேண்டும், குறிப்பாக வயலில் தனியே நிற்கும்போது.

தனியாரிடம் ஒருக்கா காட்டியே ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், சனல் பண்ணி ஒருமுறை காட்டுங்கள், அதில் பிழையில்லை. அங்கே பின்னேரம் இருக்கிற நிபுணர் பெரும்பாலும் காலமை அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இருக்கிற அதே ஆள்தான். அவரின் அரச கிளினிக்குக்கு வரலாமா என்று அவரிடமே கேட்டு, துண்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மச்சாளிடம் மருந்து அனுப்பச் சொல்ல வேண்டாம். அங்கிருந்து வருகிற குளிசையும் இங்கே கிளினிக்கில் தருகிற குளிசையும் வேறு பெயரில் ஒரே மருந்தாக இருந்து, இரட்டைக்குப் போட்டு மயங்கி விழுந்த ஆட்கள் உண்டு. சீனி பார்க்கிற மெஷின் அனுப்புவதென்றால் அதற்குரிய ஸ்ட்ரிப்பையும் சேர்த்து, தொடர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். மெஷின் மலிவு, ஸ்ட்ரிப்தான் காசு, வேறு மெஷினின் ஸ்ட்ரிப் அதற்குப் பொருந்தாது. இல்லாவிட்டால் வெட்கப்படாமல் இப்படிக் கேளுங்கள்: புண் ஆறும் வரை வயலுக்கு ஒரு கூலியாள். அவவுக்கும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியும்.

ஏஜென்ட் சொன்னதைக் கேட்கக் கூடாது. வருத்தத்தை மறைத்து எடுக்கிற காப்புறுதிக்கு மாதா மாதம் காசு கட்டலாம், ஆனால் ஆஸ்பத்திரிப் பில்லை நீட்டுகிற அன்று கம்பனி பழைய கிளினிக் கொப்பியைக் கேட்கும். எட்டு வருசம் அதில் எழுதியிருக்கிறது. மறைத்ததைக் காரணமாகச் சொல்லிப் பணத்தை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அந்த நேரம் ஏஜென்ட் வேறு ஊரில் நிற்பார். உண்மையை எழுதினால் சீனியால் வருகிறவற்றை விலக்கித்தான் அனேகமாகத் தருவார்கள், அதற்குக் கட்டுகிற காசு உங்கள் நிலைக்கு அதிகம். அந்தக் காசும் ரின்னுக்குள் போகட்டும்.

அரச உதவிக்கு, அஸ்வெசும பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். பெரிய சத்திரசிகிச்சை ஏதாவது வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு இப்போது கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், 2025 இலிருந்து அந்த வசதி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கிளினிக் கொப்பியும் நோய் நிர்ணய அட்டையும் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் மகளின் போனில் படம் எடுத்து வையுங்கள்.

நாளைக்கு அவரோடு போகும்போது உங்கள் சீனியையும் பார்ப்பதற்காக நீங்கள் சாப்பிடாமல் போங்கள். உங்களுக்கும் 46 ஆகிறது, ஒரே சட்டிச் சோறுதான் இருவரும் சாப்பிடுகிறீர்கள், உங்கள் சீனியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச சுகவாழ்வு நிலையங்களில் சீனியும் பிறசரும் இலவசமாகப் பார்ப்பார்கள், எந்த நாளில் என்று அங்கேயே மிஸ்ஸியிடம் விசாரியுங்கள்.