மாணவர் குறும்படத்தில் பழைய திரைப்பாடல்: 25 விநாடிதானே என்று விடலாமா?

கேள்வி: திரைப்படக் கல்வியில் இறுதியாண்டு படிக்கிறேன். ஓர் ஆய்வுக் கட்டுரையையும், அதனோடு தொடர்புடைய 12 நிமிடக் குறும்படத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். குறும்படத்தின் முக்கியமான காட்சியில் ஒரு பழைய திரைப்பாடல் 25 விநாடிகள் ஒலிக்கிறது. 30 விநாடிக்குள் இருந்தால் சிக்கல் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் கொடுத்தால் ‘பதிப்புரிமைச் சான்றிதழ்’ வாங்கித் தருவதாக ஒருவர் முன்வந்திருக்கிறார். படத்தைத் திரைப்பட விழாக்களுக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 30 விநாடிக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். பிறர் படைப்பிலிருந்து மேற்கோள் எடுப்பதற்கு இடமளிப்பது, பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு. அது, பயன்பாடு நியாயமான வழக்கத்துக்கு உட்பட்டதாகவும் நோக்கத்துக்குத் தேவையான அளவிலும் இருக்க வேண்டும், மூலத்தையும் படைப்பாளியையும் குறிப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறதே தவிர, விநாடி அளவு எதையும் வகுக்கவில்லை. ஆகவே நீளத்தை அளக்காதீர்கள். அந்தப் பாடலைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்களா, அல்லது உங்களுக்குப் பதிலாக அதைப் பேச வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஆய்வுக் கட்டுரையில் ஒரு படத்தின் ஷாட்டை எடுத்து ஆராய்ந்தால் அது மேற்கோள். நாயகியின் துயரத்தைப் பார்வையாளருக்குக் கடத்துவதற்காகக் குறும்படத்தில் பாடலை ஓடவிட்டால் அது மேற்கோள் ஆகாது, அனுமதி வேண்டும்.

அந்த அனுமதியும் ஒன்றல்ல. மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை உடையவர் ஒருவர். அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை உடையவர் பெரும்பாலும் வேறொருவர். பாட்டைப் படத்தோடு இணைக்க சிங்க் உரிமம், பதிவைப் பயன்படுத்த மாஸ்டர் உரிமம் என இரண்டையும் பெற வேண்டும். ‘பழைய பாட்டுதானே’ என்பார்கள். இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்க வேண்டும் என்கிறது பெர்ன் உடன்படிக்கை. பல நாடுகளில் அது 60 அல்லது 70 ஆண்டுகள். எனவே பாடல் உங்கள் தாத்தா காலத்தது என்பதால் மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுச்சொத்து ஆகிவிடாது. உண்மையிலேயே உரிமைக் காலம் முடிந்த இசையாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பீத்தோவன் 1827இல் இறந்தார். அவருடைய இசைக்கோவையை யாரும் வாசிக்கலாம். ஆனால் ஓர் இசைக்குழு அதை அண்மையில் வாசித்துப் பதிவு செய்திருந்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு. உங்கள் தோழி பியானோவில் அதை வாசித்து, நீங்களே பதிவு செய்தால் தடையில்லை; அப்போதும் தோழியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழ்க்காரருக்கு வருவோம். பெர்ன் உடன்படிக்கைப்படி, எங்கும் பதிவு செய்யாமலேயே படைப்புக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அவர் வாங்கித் தரும் காகிதம் அதிகபட்சம் உங்கள் குறும்படத்தின் பெயரில் ஒரு பதிவாக இருக்கலாம். அது படத்துக்குள் இருக்கும் அடுத்தவர் பாட்டைத் தூய்மையாக்காது. பாடலின் உரிமையாளர் கையெழுத்திட்டு, உங்கள் படத்தின் பெயரையும் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் குறிப்பிட்ட கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு ஒரு காசும் தராதீர்கள். இதே ஆட்கள்தாம் நடுவர் பெயர்கூட வெளியிடாத விழாக்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கி, அனுப்பியவர் அனைவருக்கும் விருதும் பெற்றுத் தருகிறார்கள்.

இந்த நிலைக்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கட்டுரையில் எத்தனை விழுக்காடு பிறர் எழுத்து என்று மென்பொருளால் அளந்து மிரட்டும் துறைகள், குறும்படத்தில் யாருடைய இசை இருக்கிறது என்று கடைசி வாரம் வரை கேட்பதே இல்லை. பிறகு, ‘எல்லா உரிமையும் என்னுடையதே’ என்ற படிவத்தில் மாணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படத்தைத் துறையின் யூடியூப் பக்கத்திலும் ஏற்றிவிடுகிறார்கள். பொறுப்பு முழுவதும் கையெழுத்திட்டவர் தலையில்.

விழாவுக்கு அனுப்ப எண்ணுவதால் பாடலை மாற்றிவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் இசையை, அதாவது சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே பொது உரிமம் தந்த இசையைத் தேடுகிறீர்கள் என்றால், உரிமத்தில் ‘என்டி’ (ND, தழுவல் கூடாது) என்ற எழுத்துகள் இருப்பதைத் தொடவே வேண்டாம். இசையை அசையும் படத்தோடு இணைப்பதையே அந்த உரிமங்கள் தழுவலாகக் கருதுகின்றன, ‘என்டி’ தழுவலைப் பகிர அனுமதிப்பதில்லை. ‘ராயல்டி ஃப்ரீ’ (ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே உரிமைத்தொகை இல்லை) என்பதும் இலவசம் என்று பொருள்படாது. விதிமுறைகளைப் படித்து, தரவிறக்கிய நாளோடு ஒரு பிரதியைச் சேமித்து வையுங்கள்.

பாட்டின் தாளத்துக்கு வெட்டிய காட்சியில் புதிய இசையை அப்படியே பொருத்தினால் எடிட்டிங் தள்ளாடும். இசையை முழுவதுமாக நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். அது நிற்கவில்லை என்றால், இதுவரை அதைத் தாங்கியது பாடல்தான், மறுபடி வெட்ட வேண்டும். வசனம், ஒலிகள், இசை மூன்றையும் தனித்தனித் தடங்களாக ஏற்றுமதி செய்து வைத்தால் பின்னர் மாற்றுவதும் எளிது. இந்த வேலையை வீண் என்று நினைக்காதீர்கள். பாடலோடு இருந்த வெட்டையும் புதிய வெட்டையும் ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, எந்த இடத்தில் பொருள் மாறியது என்று எழுதினால், குறும்படத்தோடு கட்டுரை எப்படித் தொடர்புபடுகிறது என்று தேர்வாளர் கேட்கும் கேள்விக்கு அதுவே பதில். பாடலின் விவரங்களை அங்கே அடிக்குறிப்பாகக் கொடுங்கள். கட்டுரையில் அது மேற்கோள்தான்.