பாஸ் ஜிடி-1000 கிட்டார் எஃபெக்ட்ஸ் கருவியில் யமஹா எஃப்சி7 எக்ஸ்பிரஷன் பெடலை மாட்டி, கொஞ்சம் மிதித்ததுமே 'வா' (wah) எஃபெக்ட் முழுதாகத் திறக்கிறதா?

பெடல் பழுதில்லை, டிப்பும் ரிங்கும் இடம் மாறியிருக்கின்றன. பெடலின் பிளக்கில் மூன்று தொடர்புப் பகுதிகள் உண்டு: நுனி டிப், நடு வளையம் ரிங், அடிப்பகுதி ஸ்லீவ். பாஸ் ஜிடி-1000, மாறும் மதிப்பை டிப்பில் எதிர்பார்க்கிறது. யமஹா எஃப்சி7 அதை ரிங்கில் தருகிறது. அதனால்தான் மிதியின் ஒரு முனையிலேயே எல்லாம் முடிந்து, மீதித் தூரம் சும்மா போகிறது. கருவியில் பெடலின் வீச்சை அளவமைக்கும் காலிப்ரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் இது சரியாகாது.

உறுதிப்படுத்த: பெடலின் பிளக்கைக் கருவியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஸ்லீவுக்கும் டிப்புக்கும் இடையே அளந்துகொண்டே மிதியுங்கள். அங்கே மதிப்பு அசையாமல் நின்று, ஸ்லீவுக்கும் ரிங்குக்கும் இடையே மட்டும் மாறினால் இதுதான் காரணம்.

டிப்-ரிங் மாற்றும் சிறிய அடாப்டர் போதும். பெடலைப் பிரிக்க வேண்டாம். மாட்டிய பிறகு ஒருமுறை காலிப்ரேட் செய்யுங்கள். ஆனால் இடையில் மோனோ கேபிள் வேண்டவே வேண்டாம், அது ரிங்கை ஸ்லீவோடு இணைத்துவிடும்.