வீட்டு ரெக்கார்டிங்குக்கு எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்? கேள்வி பதில்

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது மைக்கையும் இசைக்கருவியையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி. கேட்பதற்கு முன் மூன்று விவரம் சொல்லிவிடுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை மைக், என்ன மைக், எந்த கம்ப்யூட்டர். இவை தெரியாமல் மாடல் பெயர் சொல்வது குறி சொல்வதற்குச் சமம்.

மதுரை வாசகர்: வாய்ப்பாட்டு மட்டும்தான். ஒரு கண்டென்சர் மைக், விண்டோஸ் லேப்டாப். ஒரு இன்புட் போதுமா, இரண்டு வேண்டுமா?

கரோக்கி டிராக்கின் மேல் பாடுவதற்கு ஒரு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சிறிய ஒலியைப் பெருக்கும் பகுதி) போதும். ஆனால் அட்டையில் "2 இன்புட்" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஸ்கார்லெட் சோலோ, பெரிங்கர் யூஎம்சி22 இரண்டிலும் மைக்குக்கு ஒரு இன்புட்தான். மற்றது கிடார் போன்றவற்றுக்கு. நாளை மிருதங்கத்தின் இரு பக்கமும் மைக் வைக்க வேண்டும் என்றால் ஸ்கார்லெட் 2ஐ2, மோட்டு எம்2, யூஎம்சி202எச்டி வகைக்குப் போக வேண்டும்.

விண்டோஸ் என்பதால் தயாரிப்பாளரின் சொந்த ஆசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவர்) இருக்கிறதா என்று பாருங்கள். யூஎம்சி22-க்கு அது இல்லை. ஆசியோ4ஆல் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அது விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்திய சட்டை, அவ்வளவுதான். அந்தப் பெட்டி 16 பிட்டோடு நின்றுவிடுவதும் குறைதான். 202எச்டி-யில் இரண்டு பிரச்சினையும் கிடையாது.

கண்டென்சருக்கு 48 வோல்ட் தேவை; மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அதை அனுப்பும். கேபிளைச் செருகிவிட்டு, ஹெட்போன் வால்யூமைக் குறைத்துவிட்டு, அதன்பிறகு 48-ஐப் போடுங்கள். கழற்றும்போது முதலில் 48-ஐ அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். இதை இன்னும் சிலமுறை சொல்வேன்.

கோவை வாசகர்: பாடும்போது என் குரலே எனக்குத் தாமதமாகக் கேட்கிறது. இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரே தவணையில் கையாளும் ஒலித்துண்டு, 512 சாம்பிள் என்றால் உள்ளே வர 11.6 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 11.6. டிரைவர் தனக்கென்று ஒதுக்கும் கூடுதல் நேரமும் சேரும். 25-ஐத் தாண்டினால் பாடுபவர் தாளத்தில் தடுமாறத்தான் செய்வார். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128-க்கு இறக்கினால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்தான்.

அதைவிட எளிய வழி, பெட்டியில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தான். குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். அதைப் போட்டதும் சாஃப்ட்வேரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை அணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் குரல் இரட்டையாக, குழாய்க்குள் பாடுவதுபோல் கேட்கும். ரிவெர்ப் இல்லாமல் பாட வராது என்பவர்கள், சாஃப்ட்வேரிலிருந்து நூறு சதவீதம் வெட் (அசல் குரல் கலக்காத) ரிவெர்பை மட்டும் ஹெட்போனுக்கு அனுப்புங்கள். அசல் குரல் நேராக வரும். ரிவெர்ப் சில மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் ஒரு குறையும் இல்லை. மிக்ஸிங்குக்கு உட்காரும்போது பஃபரை 1024-க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

வீணை மாணவி, கும்பகோணம்: ஒட்டும் பிக்கப்பை இன்டர்ஃபேஸில் செருகினால் சத்தம் தகரம் தட்டுவதுபோல் வருகிறது. பிக்கப் கெட்டுவிட்டதா?

பிக்கப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இந்த ஒட்டும் வகை, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப், மின்சாரத்துக்கு ஒரு சிறிய கெப்பாசிட்டர். அதை 1 நானோஃபாரட் என்று வைத்து, 10 கிலோஓம் லைன் இன்புட்டில் செருகினால் கிட்டத்தட்ட 16 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். அதே பிக்கப் 1 மெகாஓம் இன்புட்டில் 160 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மந்தர ஸ்தாயி போனது அந்த இடைவெளியில்தான்.

முன்பக்கத்தில் "இன்ஸ்ட்" என்ற சுவிட்ச் இருக்கும், அல்லது சாஃப்ட்வேரில் இருக்கும். அதை அழுத்துங்கள். அப்படியும் அடிநாதம் போதவில்லை என்றால் பீசோவுக்கென்றே விற்கும் 5 அல்லது 10 மெகாஓம் ப்ரீஆம்ப் ஒன்று இடையில் வையுங்கள். கடைக்காரர் "எக்ஸ்எல்ஆர் கேபிளாக (மூன்று பின் மைக் கேபிள்) மாற்றித் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்: மைக் இன்புட் சில கிலோஓம்தான், நிலைமை இன்னும் மோசமாகும். அந்த வழியில் 48 வோல்ட்டும் பிக்கப்புக்கே போய்ச் சேரலாம்.

192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் அவசியமா?

இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

சென்னை, பாட்காஸ்ட் நடத்துபவர்: ஷூர் எஸ்எம்7பி வாங்கலாம் என்றிருக்கிறேன். டைனமிக் மைக் ஃபேன் சத்தத்தை எடுக்காதாமே? எந்த இன்டர்ஃபேஸ் தாங்கும்?

இரண்டாவது கேள்வி சுலபம். அந்த மைக்கின் வெளியீடு ஒரு பாஸ்கலுக்கு 1.12 மில்லிவோல்ட், சாதாரண கண்டென்சர் அதைவிடச் சுமார் பத்து மடங்கு தரும். குறைந்தது 60 டெசிபல் கெயின் (ப்ரீஆம்ப் பெருக்கும் அளவு) வேண்டும். மூன்றாம் தலைமுறை 2ஐ2-இல் 56, ஆடியன்ட் ஐடி4 மார்க் 2-இல் 58, எம்2-இல் 60, நான்காம் தலைமுறை 2ஐ2-இல் 69. அதே நான்காம் தலைமுறை சோலோவில் 57தான், கவனம். கையில் பழைய பெட்டி இருந்தால் கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர் 25 டெசிபல் கூட்டும். அதற்கு 48 வோல்ட்டைப் போட வேண்டும்; அது மைக் வரை போகாமல் பூஸ்டரோடு நின்றுவிடும்.

முதல் கேள்விக்குப் பதில்: எடுக்கும்.

அதே வாசகர்: இல்லை சார், இரண்டையும் வைத்துக் கேட்டேன். டைனமிக்கில் அறைச் சத்தம் தெளிவாகக் குறைவு.

கண்டென்சரை எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்? டைனமிக்கை உதட்டருகே, கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைத்துத்தான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். 20 சென்டிமீட்டரை 10 ஆக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். ஃபேன் அதே அளவில்தான் இருக்கும். வித்தியாசம் செய்தது தூரம். இரண்டையும் 10 சென்டிமீட்டரில் வையுங்கள், பேச்சின் உச்சத்தைச் சமமாக்குங்கள், பிறகு வாயை மூடி மௌனத்தை மட்டும் கேளுங்கள்.

குறுக்கிட்டவர், சவுண்ட் இன்ஜினியர், சேலம்: தூரம் மட்டும் என்பது பாதி உண்மை. பேட்டர்ன், அதாவது மைக் எந்தத் திசையில் கேட்கிறது என்பதும் இருக்கிறது. டைனமிக்கில் உச்ச அதிர்வெண் மந்தம் என்பதால் ஃபேனின் "ஸ்ஸ்" குறையும்.

பேட்டர்னை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது டைனமிக்குக்கு மட்டும் சொந்தமில்லை; கார்டியாய்டு (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்) கண்டென்சருக்கும் முதுகு செவிடுதான். நம் வீடுகளில் ஃபேன் தலைக்கு மேல். மைக்கைக் கீழிருந்து மேல்நோக்கி வைத்தால் அது நேராக ஃபேனைப் பார்க்கும். வாய்க்கு மேலிருந்து கீழே சாய்த்துத் தொங்கவிட்டால் முதுகு ஃபேன் பக்கம் திரும்பிவிடும். இதற்குப் பைசா செலவில்லை. "ஸ்ஸ்" குறைவதும் சரி, ஆனால் அந்த மந்தம் குரலுக்கும் சேர்த்துத்தான். இக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உச்ச அதிர்வெண்ணை வெட்டினால் கண்டென்சரிலும் அதே கிடைக்கும்.

சேலம்: அப்படியானால் 60 டெசிபல் கெயினுக்கு இன்டர்ஃபேஸ் தேடுவதே வீண் என்கிறீர்களா?

ஃபேனுக்குப் பயந்து தேடுவது வீண். அந்தக் குரல் நிறம் பிடித்திருந்தால் தேடலாம். டேக் எடுக்கும் மூன்று நிமிடம் ஃபேனை நிறுத்துவது இரண்டையும்விட மலிவு. இத்தோடு இந்த வாதத்தை விட்டுவிடுவோம். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நாதஸ்வரம் பதியேக்க கெயினைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தாலும் சத்தம் உடையுது அண்ணை. 32 பிட் ஃப்ளோட் உள்ள பெட்டி வாங்கினால் சரிவருமோ?

முதலில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். அலைவடிவம் சரியாக 0 டெசிபலில் தட்டையானால் இன்டர்ஃபேஸின் ஏடிசி (ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி). அதற்குக் கீழேயே தட்டையானால் மைக்கோ ப்ரீஆம்போ. ஜூம் யூஏசி-232 போன்ற 32 பிட் ஃப்ளோட் பெட்டி ஏடிசி உடைவதைத் தடுக்கும். மைக்குக்குள் உடைந்ததை எதுவும் ஒட்டவைக்காது. மைக்கில் ஒலி அளவை 10 டெசிபல் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள், அணசிலிருந்து (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்) ஒரு மீட்டர் விலகி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். டைனமிக் மைக் உண்மையில் பொருந்தும் இடம் இதுதான்.

96-க்கும் 48-க்கும் வித்தியாசம் கேட்குமா?

192-க்குச் சொன்ன பதிலே.

லேப்டாப் சார்ஜர் போட்டால் "ஊம்" என்று இரைகிறது.

சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும்தான். லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் உள்ள பிளக்கில் செருகுங்கள். ஸ்பீக்கருக்கு டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் வகை) போடுங்கள். மூன்றாவது பின்னை வெட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

போனில் இன்டர்ஃபேஸ் ஓடுமா?

கிளாஸ் கம்ப்ளையன்ட் (தனி டிரைவர் தேவைப்படாதது) என்று குறிப்பிட்டிருந்தால் ஓடும். 48 வோல்ட் போட்டதும் போன் கரண்ட் பற்றாமல் துண்டித்தால், இடையில் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்.

பட்ஜெட்டில் பெஸ்ட் எது?

முதல் பத்தி.

அறைக்கு ஃபோம் எவ்வளவு வாங்கலாம்?

அது என் துறை அல்ல. அறை ஒலியியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பழைய 2ஐ2 ஒன்று விலைக்கு வருகிறது. என்ன சோதிக்க வேண்டும்?

உங்கள் விண்டோஸ் அல்லது மேக் பதிப்புக்கு அந்தத் தலைமுறையின் டிரைவர் இருக்கிறதா என்று போகும் முன்பே பாருங்கள். அங்கே போய், கெயின் குமிழை மெதுவாகத் திருப்பி ஹெட்போனில் கரகரப்பு உண்டா கேளுங்கள். யூஎஸ்பி வாயைச் சற்று அசைத்துப் பாருங்கள். இணைப்பு அறுந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு சேனலிலும் ஒரே மைக்கை மாற்றிச் செருகி ஒரே அளவு வருகிறதா பாருங்கள், ஒவ்வொரு முறையும் 48-ஐ அணைத்துவிட்டு. கடைசியாக 48-ஐப் போட்டு, மைக் இல்லாமல், எக்ஸ்எல்ஆர் கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள்: பின் 1-க்கும் 2-க்கும் இடையே, பின் 1-க்கும் 3-க்கும் இடையே, இரண்டிலும் ஒரே அளவு, 44-இலிருந்து 52 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பின்னில் மட்டும் குறைந்தால் முதலில் வேறு கேபிளில் அளந்து பாருங்கள்.