வீட்டில் யாரும் கோல்ஃப் ஆடியதில்லை, பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 11. "கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு இல்லையா? எங்களை மாதிரி குடும்பம் உள்ளே போகலாமா? முதலில் என்ன வாங்கணும், எங்கே சேர்க்கணும்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வட கரோலினாவில், ராலேவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். அவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் நானும் மனைவியும் ஆடத் தொடங்கிவிட்டோம். நான் பயிற்சியாளர் இல்லை. வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட ஓர் அப்பாவின் பதில் இது.

முதல் நாளே டிரைவிங் ரேஞ்சுக்குக் கூட்டிப் போகாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு வாளிப் பந்து வாங்கி, ரப்பர் விரிப்பில் நிற்கவைத்து "அடி" என்பார்கள். பத்துப் பந்தில் எட்டு பந்து மட்டையில் படவே படாது. பட்ட இரண்டும் எங்கேயோ போய் விழும். அங்கே குழியும் இல்லை, கொடியும் இல்லை, ஜெயிக்க எதுவும் இல்லை. கால் மணி நேரத்தில் "அப்பா, போலாமா?" என்று கேட்டுவிடும். அது பிள்ளையின் தப்பில்லை.

குழியிலிருந்து தொடங்குங்கள். நகராட்சி நடத்தும் பொது மைதானங்கள் பெரும்பாலானவற்றில் புட்டிங் கிரீன், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் ஒட்ட வெட்டிய புல்தரை ஒன்று வாசலிலேயே இருக்கும். பல இடங்களில் அதற்குக் காசு வாங்குவதில்லை. கடை மேஜையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். மூன்றடி தூரத்தில் பந்தை வைத்து, உருட்டும் மட்டையான புட்டரைக் கையில் கொடுங்கள். பந்து விழும்போது குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஏழு வயசுக்கு அந்தச் சத்தம் போதும். அதற்கப்புறம் ஐந்தடி, பத்தடி, கிரீனின் ஓரத்திலிருந்து ஒரு சின்னத் தட்டு என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். பெரிய அடி கடைசியில் வரட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டைகர் உட்ஸ் இரண்டு வயதில் தொலைக்காட்சியில் மட்டையைச் சுழற்றிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெற்றோருக்கு உதவும் கதை ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஹார்ட்வெல் என்று ஒரு சின்னப் பொது மைதானம். அதன் எல்லாக் குழிகளும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியவை. நாலு வயது டைகருக்கு அங்கே சொல்லிக்கொடுத்தவர் ருடி டுரான். பெரியவர்களுக்கு வைத்த பார் கணக்கைக் குழந்தையின் தலையில் கட்டாமல், அந்தப் பையன் எவ்வளவு தூரம் அடிப்பான் என்று பார்த்து அவனுக்கென்று தனி பார் போட்டார். 'டைகர் பார்' என்றே அதற்குப் பெயர். நாலு அடியில்தான் கிரீனை எட்ட முடியும் என்றால், அதோடு இரண்டு புட் சேர்த்து அந்தக் குழிக்கு பார் 6. ஐந்தில் முடித்தால், பாரைவிட ஒன்று குறைவு, பேர்டி! உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரராக வரப்போகிறவருக்கே விளையாட்டைச் சின்னதாக்கித்தான் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளையை முழு மைதானத்தில் இறக்கிவிட்டு "ஏன் அழுகிறாய்?" என்று கேட்கிறோம்.

இதே யோசனையை ஒழுங்கான பாடத்திட்டமாக்கிய நிரல் 'ஆபரேஷன் 36'. எங்கள் மாநிலத்தில் தொடங்கியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிள்ளை கிரீனிலிருந்து 25 கஜ தூரத்தில் நின்று 9 குழி ஆட வேண்டும். மொத்தம் 36 முறை அடிப்பதற்குள் முடித்தால் அடுத்த தடவை 50 கஜம். அப்புறம் 100, 150, 200 என்று பின்னால் நகர்ந்து, கடைசியில்தான் வழக்கமான டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம். முடிக்க முடியாவிட்டால் அதே தூரத்தில் மறுபடி ஆடலாம். பெரியவர்களும் சேரலாம். 25 கஜத்திலிருந்து 36 எடுப்பது லேசு என்று நினைக்கும் அப்பாக்கள் ஒருமுறை முயன்று பாருங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் பார் 3 மைதானமோ, 'ஷார்ட் கோர்ஸ்' என்று பலகை மாட்டிய இடமோ இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது பெரிய பெரிய இடங்களே இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. எங்களுக்குத் தெற்கே இருக்கும் பைன்ஹர்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் பிரைசன் டிஷாம்போ யு.எஸ். ஓப்பன் வென்ற நம்பர் 2 மைதானம் அங்கேதான். சாமானியர் கட்டி மாளாத கட்டணம். அதே வளாகத்தில், கிளப் வீட்டின் கண் பார்வையிலேயே, 2017-இல் 'கிரேடில்' என்று கில் ஹான்ஸ் வடிவமைத்த 9 குழி மைதானத்தைத் திறந்தார்கள். ஒன்பது குழியும் சேர்ந்தே 789 கஜம். மிக நீளமான குழி 127 கஜம்தான். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும், செருப்போடு ஆடுகிறவர்கள் இருப்பார்கள், தோளில் மூன்றே மட்டையைப் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். கட்டணம் கட்டிய பெரியவரோடு போனால் 17 வயது வரை பிள்ளைகளுக்குக் காசில்லை என்பது அங்கே வழக்கம். போகும்முன் அவர்கள் தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே மேடும் பள்ளமுமாகப் பெரிய புட்டிங் மைதானம் ஒன்றும் உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப் போனோம். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இந்தக் கோலால தட்டினா அந்தக் குழியில விழணும், அவ்வளவுதானே?" என்றார். பள்ளத்தின் சரிவைப் பார்த்து, குழியை விட்டு நன்றாக இடது பக்கம் தள்ளித் தட்டினார். பந்து வளைந்து வந்து குழியின் விளிம்பில் நின்றது. பாட்டி எப்படிச் சரிவைக் கணித்தார் என்று என் மகன் வாயைப் பிளந்தான். "முற்றத்தில தண்ணி தெளிச்சா எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாதா?" என்றார் அம்மா. மூன்று தலைமுறை ஒரே ஆட்டத்தை, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஆட முடிகிற விளையாட்டு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-இல் பெண்கள் தொடங்கிய புட்டிங் சங்கத்தின் 'ஹிமாலயாஸ்' கிரீனில் இன்றைக்கும் சில்லறைக் காசு கொடுத்து யாரும் ஆடலாம். நார்த் பெர்விக்கில் குழந்தைகளுக்கென்றே 9 குழி மைதானம் உண்டு. அங்கே பெரியவர் ஆட வேண்டுமென்றால் கூட ஒரு குழந்தை வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கோல்ஃப் விதி அதுதான்.

சரி, பணக்காரர் விளையாட்டு என்ற கேள்விக்கு வருவோம். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் சட்டத்திலேயே வெள்ளையர் மட்டும் உறுப்பினராகலாம் என்ற வரி 1961 வரை இருந்தது. சார்லி சிஃபோர்ட் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்கள் போராடித்தான் அது நீங்கியது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல் கிளப் 2012-இல்தான் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது. ஆகவே நம் ஆட்களுக்குத் தயக்கம் இருப்பது நியாயமே. புதிய பிள்ளைகள் வராவிட்டால் விளையாட்டு தேய்ந்துவிடும் என்ற பயமும் கோல்ஃபை நடத்துகிறவர்களுக்கு வந்தது. கதவு திறந்ததற்கு நல்லெண்ணம் பாதி, அந்தப் பயம் பாதி என்பது என் எண்ணம். காரணம் எதுவானால் என்ன, திறந்திருக்கிறது, போய்விடுங்கள்.

1997-இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் டீ' அமைப்புக்கு அமெரிக்கா முழுக்கக் கிளைகள் உண்டு. வாராந்தர வகுப்பு, மட்டையும் அவர்களே தருவார்கள், வசதியில்லாதவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. உங்கள் மகளை முதலில் இங்கே சேர்க்கலாம். வகுப்பில் மட்டை பிடிப்பதைவிட, எதிராளியிடம் கை கொடுத்துப் பெயர் சொல்வது, தன் அடியைத் தானே நேர்மையாக எண்ணுவது போன்ற விஷயங்களுக்கு அதிக நேரம் போகும். சில பெற்றோருக்கு அது எரிச்சல். எனக்குப் பிடித்திருந்தது. 'யூத் ஆன் கோர்ஸ்' வடக்கு கலிஃபோர்னியாவில் முளைத்து இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. உறுப்பினரான பிள்ளைகள் அதில் சேர்ந்த மைதானங்களில் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவாகக் கொடுத்து ஆடலாம். உங்கள் மகனுக்கு இது பொருந்தும். அகஸ்டாவே சேர்ந்து நடத்தும் 'டிரைவ், சிப் அண்ட் புட்' போட்டிக்கு 7 முதல் 15 வயது வரை யாரும் இலவசமாகப் பதியலாம். உள்ளூர்ச் சுற்றுகளில் ஜெயித்துக்கொண்டே போனால், மாஸ்டர்ஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அகஸ்டாவின் 18-ஆவது கிரீனில் புட் செய்யலாம். 2014-இலிருந்து இது நடக்கிறது. முதல் வருடமே அங்கே போகும் கனவெல்லாம் வேண்டாம். ஆனால் உள்ளூர்ச் சுற்றே பிள்ளைகளுக்குத் திருவிழா மாதிரி இருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கலப்பு வகுப்பில் ஒரே பெண்ணாக நிற்க நேர்ந்தால் பல குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள். 1989-இல் ஃபீனிக்ஸில் சாண்டி லபாவ் தொடங்கிய 'கேர்ள்ஸ் கோல்ஃப்' நிரல் இதற்காகவே வந்தது. உங்கள் ஊரிலும் கிளை இருக்கலாம். வீட்டில் அதிதி அசோக் கதையையும் சொல்லுங்கள். பெங்களூருப் பெண், ஆடத் தெரியாத பெற்றோர், 5 வயதில் அவரோடு சேர்ந்து குடும்பமே மட்டை பிடித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தார். அன்று அவர் பையைச் சுமந்து நடந்தவர் அவருடைய அம்மா.

மட்டை வாங்குவது பற்றி. பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுக்காதீர்கள். நீளம் குறையும், தலையின் கனம் குறையாது, தண்டும் வளையாது. பிள்ளை உடம்பையே வளைத்துத் தூக்கும், அந்தப் பழக்கம் பிறகு போகாது. பிள்ளைகள் மட்டை வயதைப் பார்த்து வாங்குவதல்ல, உயரத்தைப் பார்த்து வாங்குவது. யு.எஸ். கிட்ஸ் நிறுவனம் மூன்று அங்குல உயரத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. புட்டர், கிட்டத்துக்கு ஒரு வெட்ஜ், நடுத்தூரத்துக்கு ஒரு 7 ஐயன், நெடுந்தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட் போதும். விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக 14 வாங்க வேண்டியதில்லை. பழைய விளையாட்டுச் சாமான் கடையில் பாருங்கள், பிள்ளைகள் வளர்ந்துவிடுவதால் புதுசு போலவே கிடைக்கும்.

குடும்பமாக ஆடும்போது 'ஸ்கிராம்பிள்' முறையில் ஆடுங்கள். எல்லோரும் அடிப்பது, அதில் நல்ல பந்து எதுவோ அங்கே போய் மறுபடி எல்லோரும் அடிப்பது. டைகரும் மகன் சார்லியும் டிசம்பரில் சேர்ந்து ஆடிய பி.என்.சி. போட்டியும் இந்த முறைதான். இதில் மோசமாக அடித்தவர் தலைகுனிய வேண்டாம், ஏழு வயதுக்காரி போட்ட ஒரு புட் நாலு பேரையும் காப்பாற்றும். சாயங்காலம் கட்டணம் குறையும் நேரத்தில் 9 குழி போங்கள், அதற்கு மேல் வேண்டாம். பின்னால் வேகமாக ஆடும் கூட்டம் வந்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். ஒரு மைதானத்தில், ஆட வருகிறவர்களை வரிசைப்படி அனுப்பும் ஸ்டார்ட்டர் என் பிள்ளைகளைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். வழிவிடத் தெரிந்த குடும்பம் என்று தெரிந்த பிறகு அவரே பென்சில் கொடுத்து அனுப்பினார். பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் கொடி பிடிக்க, ஒருவர் மணல் குழியை வாரிச் சமப்படுத்த. அடிப்பதைவிட அந்த மணல் வாருவதில் என் மகளுக்கு இன்னும் ஆர்வம் அதிகம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மட்டை சுழற்றுகிறவர் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, பந்து ஆள் பக்கம் போனால் "ஃபோர்!" என்று கத்த வேண்டும்.

இதே கேள்வியைச் சென்னையிலிருந்து சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். அங்கே நிலைமை வேறு. மைதானங்களைப் பெரும்பாலும் கிளப்களே நடத்துகின்றன. உறுப்பினராக இருக்கும் நண்பரோ, பயிற்சியாளரோ வழியாகத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் பை சுமக்கும் வேலையில் தொடங்கிய அலி ஷேர் 1991-இலும், முனியப்பா 2009-இலும் இந்தியன் ஓப்பனை வென்றார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் நம் பெற்றோர் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் கல்லூரி உதவித்தொகை. பல்கலைக்கழக முதல் நிலை கோல்ஃப் அணிக்குப் பல ஆண்டுகளாக இருந்த வரம்பு, ஒரு அணிக்குப் பெண்கள் பக்கம் 6 முழு உதவித்தொகை, ஆண்கள் பக்கம் நாலரை. அதையும் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். விதிகள் அண்மையில் மாறியிருக்கின்றன, ஆனாலும் அதை நம்பி 11 வயதுப் பையனை வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்புவது கணக்குக்கு ஒத்துவராது. பயிற்சிக்கும் போட்டிப் பயணத்துக்கும் செலவழிக்கும் பணத்தை வங்கியில் போட்டாலே கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு சேர்ந்துவிடும். உங்கள் மகனுக்கு இந்தக் கோடைக்கு ஒரு புட்டரும் யூத் ஆன் கோர்ஸ் அட்டையும் போதும். மகளுக்கு ஃபர்ஸ்ட் டீ வகுப்பில் இடம் கிடைக்கிறதா என்று இப்போதே பாருங்கள், வசந்தகால வகுப்புகள் பனி விலகும் முன்பே நிறைந்துவிடும்.