மலை எடுத்துக்கொண்ட சாலை

கேள்வி: இங்கிலாந்தின் மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில் அதிகாலையில் சைக்கிள் ஓட்ட ஒரே ஒரு பாதையைச் சொல்ல வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

வின்னட்ஸ் கணவாய். யோசிக்க வேண்டியதே இல்லை.

டார்பிஷர் மாவட்டத்தில் காசில்டன் என்ற சிற்றூரை ஒட்டி இருக்கிறது இந்தக் கணவாய். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதிக்குள் வருகிறது. ஷெஃபீல்டுக்கு வேலைக்கு வந்த பிறகு இந்தப் பக்கம் பல முறை சைக்கிளில் போயிருக்கிறேன். நான் சொல்லும் சுற்று இது: ஹோப் ரயில் நிலையத்தில் தொடங்கி, காசில்டன், வின்னட்ஸ், மாம் டோர் மலையின் தோளில் ஓர் இடுக்கு, அங்கிருந்து இறங்கி ஈடேல், மறுபடி ஹோப். எல்லாம் சேர்த்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் காலை ரயிலை நம்பிப் போனால் விடியலைத் தவறவிடுவீர்கள். முந்தைய இரவே காசில்டனிலோ ஹோப்பிலோ தங்கிவிடுங்கள்.

செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் போனதைச் சொல்கிறேன். சூரியன் எழ ஆறரை மணி ஆகும் காலம் அது. ஐந்தே முக்காலுக்குக் காசில்டனைத் தாண்டினேன். பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. முன்விளக்கின் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. கணவாயின் வாயில் நுழைந்ததும் இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள் கோபுரம் கோபுரமாக எழுந்தன. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இது வெதுவெதுப்பான ஒரு கடலின் அடித்தளம். கடலுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகிய கல் இது.

சாலையோரப் பலகை 20 சதவீத ஏற்றம் என்கிறது. ஐந்து மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே போயிருப்பீர்கள். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். எழுந்து நின்று மிதித்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கும். இருக்கையின் நுனிக்கு வந்து, மார்பை ஹேண்டில்பாருக்குத் தாழ்த்தி, மிகச் சிறிய கியரில் நிதானமாக ஏற வேண்டும். 2021இல் பிரிட்டனின் தேசிய மலையேற்றச் சைக்கிள் போட்டி இங்கேதான் நடந்தது. அவர்கள் சில நிமிடங்களில் ஏறிய ஏற்றத்தில் நான் இரண்டு முறை இறங்கி நின்றேன். நிற்பதற்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? நின்றால்தான் பாறை இடுக்குகளில் சிறு காகங்கள் விழித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும்.

இரண்டாவது முறை நிற்க வைத்தது ஒரு செம்மறியாடு. இங்கே வேலி கிடையாது. ஆடுகள் இஷ்டம்போல் திரியும். சாலையின் நட்டநடுவில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகு ரோமத்தின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பனித்துளி. என் விளக்கு பட்டதும் அத்தனை துளிகளும் ஒருசேர மின்னின. எழுந்திருக்க அதற்கு மனமில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போனேன்.

மேலே போகப் போகப் பனி மெலிந்தது. பிறகு, ஒரு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததுபோல், பனி எனக்குக் கீழே போய்விட்டது. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். பனியும் அதோடு அங்கேயே நிற்கும். இடுக்கில் சைக்கிளைப் பூட்டிவிட்டு 517 மீட்டர் உயர மாம் டோர் உச்சிக்குப் படிகளில் ஏறினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கிழக்கே வெள்ளைக் கடல். அதற்கு மேலே ஹோப் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. அந்த ஆலை இந்த அழகைக் கெடுக்கிறது என்பவர்கள் உண்டு. அன்று எனக்கு அது இல்லாத காட்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வடக்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் சிவந்துகொண்டிருந்தது. 1932 ஏப்ரலில், தனியார் வேட்டை நிலமென்று அடைத்து வைத்திருந்த அந்த மலையில் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இன்று எவரையும் கேட்காமல் அங்கே நடக்கலாம். உச்சியில் நிற்கும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஈடேல் இறக்கத்துக்கு முன் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஒன்றை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஊறிய வியர்வை இறங்கும்போது உடம்பை நடுங்க வைக்கும். விறைத்த விரல்களால் பிரேக் பிடிப்பது ஆபத்து. கால்நடைகள் தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் கம்பிகளைக் கண்டால் வண்டியைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஈடேலிலிருந்து ஹோப் வரை ஓடையோடு சேர்ந்து போகும் எளிய சாலைதான்.

நேரம் இருந்தால் காசில்டனுக்குத் திரும்பிப் போய் இன்னொன்றையும் பாருங்கள். வின்னட்ஸின் செங்குத்தைத் தவிர்ப்பதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் மாம் டோரின் சரிவில் சாய்வு குறைந்த ஒரு சாலை போட்டார்கள். களிமண் பாறையும் மணற்கல்லும் மாறி மாறி அடுக்கிய மலை அது. மழைநீர் உள்ளே இறங்கினால் சரிவு நகரும். சாலை விரிசல் விட விட, மேலே மேலே தார் ஊற்றிச் சமாளித்தார்கள். 1979இல் கைவிட்டார்கள். அதனால்தான் இன்று எல்லாக் கார்களும் அந்தப் பழைய செங்குத்துக் கணவாயிலேயே முக்கி முனகி ஏறுகின்றன. ஒன்பது மணிக்கு மேல் அங்கே சைக்கிளுக்கு நிம்மதி இல்லை.

அன்று எட்டரைக்கு அந்த உடைந்த சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஓரிடத்தில் சாலை ஓர் ஆள் உயரத்துக்கு அறுந்து இறங்கியிருக்கிறது. நடுக்கோட்டின் வெள்ளை வண்ணம் விளிம்பு வரை வந்து நின்றுவிடுகிறது. வெட்டுமுகத்தில் தார் அடுக்குகள், ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் ஒன்றாக. விரல் வைத்து ஏழு வரை எண்ணினேன். அதற்குக் கீழே புல் மூடியிருந்தது.